ஒன்று என்று போட்ட கட்டம்

தண்ணீர் கேட்டுத்தான் கேள்விக்காரி கடைக்குள் வந்தாள் என்பதை ஜெராக்ஸ் அக்கா ஒரு நிமிடம்கூட நம்பவில்லை. தெருமுனையில் இரண்டு டீக்கடை இருக்கிறது. அதையெல்லாம் தாண்டி, மூன்று படி ஏறி, நாலு பேர் வரிசையில் நிற்கும் ஜெராக்ஸ் கடையில் வந்து ஒருத்தி தண்ணீர் கேட்கிறாள் என்றால் வறட்சி தொண்டையில் இல்லை. வாய்க்குள் வேறு ஏதோ இருக்கிறது.

ஆளை அக்காவுக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவள். போன வருஷம் நாலு மாதம் சலவை ஆலைக்குள் படிவமும் ஒலிப்பதிவுக் கருவியுமாகத் திரிந்தவள். வேலை இடத்தில் யாரை யார் அமுக்குகிறார்கள், எதை வைத்து அமுக்குகிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகளைத் துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்பும் அந்த ஆலையில் இருநூற்றுப் பதினெட்டு பேர். எல்லோருக்கும் படிவம் கொடுத்தாள். நாற்பது பேரைத் தனியே உட்காரவைத்துப் பேசவைத்தாள். அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்ததே அக்காவின் தங்கைதான்.

தங்கை இறந்து எட்டு மாதம் ஆகிறது.

வரிசை கரையும்வரை அக்கா அவளை நிற்கவைத்தாள். பிறகு இயந்திரத்தின் மூடியை இறக்கிவிட்டு, "சொல்லுங்க மேடம், எத்தனை காப்பி?" என்றாள்.

"காப்பிக்கு வரலக்கா. ஒரு கையெழுத்து வேணும்."

"அப்படி வாங்க வழிக்கு."

கேள்விக்காரி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். தொழிலாளர் விசாரணை மூன்று வாரத்தில் வருகிறது. 'இறந்தவரின் கவனக்குறைவே காரணம்' என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. 'எங்கள் ஆலையில் பாரபட்சமே கிடையாது' என்று மூன்று கணக்கும் காட்டியிருக்கிறது. பெண்களில் பாதிப்பேர் நல்ல வேலையில் இருக்கிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரர்களில் பாதிப்பேர் நல்ல வேலையில் இருக்கிறார்கள். காது கேளாதவர்களுக்கு எச்சரிக்கை விளக்கே போட்டிருக்கிறார்கள்.

"மூணுமே பொய் இல்லக்கா," என்றாள் கேள்விக்காரி. "அதான் சிக்கல். நல்ல வேலையில இருக்கிற பொண்ணுங்க எல்லாம் இக்கரை. நல்ல வேலையில இருக்கிற அக்கரைக்காரங்க எல்லாம் ஆம்பளைங்க. விளக்கு போட்டது ஆம்பளைங்க ஷெட்டுல. ஒவ்வொண்ணா எண்ணுனா குறையே தெரியாது. மூணையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பார்த்தாத்தான் உங்க தங்கச்சி நின்ன இடம் தெரியும்."

"இதைக் கண்டுபிடிக்க நாலு மாசம் ஆச்சா? அவ ஒரே மூச்சுல சொல்லுவாளே."

"சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் பேசினாங்க. அதை விசாரணையில வைக்கத்தான் உங்க சம்மதம் வேணும்."

அக்கா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருமை. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

தங்கையைப் பம்பரம் என்றுதான் ஆலையில் கூப்பிடுவார்கள். அவளுக்கு வலது காது சுத்தமாக இல்லை, இடதில் பாதி. யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப மாட்டாள். எந்தப் பக்கத்துக் குரல் என்று தெரியாமல் முழு உடம்போடு ஒரு சுற்றுச் சுற்றி, உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடித்துவிடுவாள். உருளை இஸ்திரியில் அவளைப் போல விரிப்பைச் சுருக்கமில்லாமல் செலுத்த ஆள் இல்லை. ஆறு வருஷம் அங்கேயே நின்றவளை ஒரு திங்கட்கிழமை, "உன் நல்லதுக்குத்தான்" என்று சொல்லி அழுக்குத் துணி இறக்கும் முற்றத்துக்கு மாற்றினார் சூப்பர்வைசர். லாரிகள் பின்பக்கமாக வரும் முற்றம். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அதை எல்லோரும் கேட்டதாகச் சொன்னார்கள். மாற்றப்பட்டுப் பதினெட்டாம் நாள்.

சூப்பர்வைசரைப் பற்றி அவள் வாய் திறந்தது ஒரே ஒரு இடத்தில்தான். இதோ நிற்கிறாளே, இவளிடம்.

"அவ பேசினது அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சிருக்க வழியே இல்லக்கா. எதுலயும் பேரு கிடையாது, எண் மட்டும்தான். ஒலிப்பதிவு பெட்டியில பூட்டியிருக்கு. சாவி என்கிட்ட."

"வேலிதான மேடம் பயிரை மேயுது."

கேள்விக்காரிக்கு முகம் சிவந்தது. "நான் யாருக்கும் சொல்லல."

"பின்ன என்னத்தக் கொடுத்தீங்க அவங்களுக்கு? வெறுங்கையோட நாலு மாசம் உள்ள விட்டாங்களா?"

"இடைக்கால அறிக்கை ஒரு பிரதி. உள்ள விட அதான் நிபந்தனை. வெறும் அட்டவணை, நாலு மேற்கோள். வேற ஒண்ணும் இல்ல."

"அதை எனக்கும் ஒண்ணு கொடுங்க. படிச்சிட்டுக் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்."

கைப்பையிலிருந்து அறிக்கைப் புத்தகம் வெளியே வந்தது. வரும்போது கொஞ்சம் தயங்கி வந்தது என்று அக்காவுக்குப் பட்டது. அக்கா எடுத்து வைத்த தண்ணீரைக் கடைசிவரை அவள் குடிக்கவும் இல்லை.

*

அக்காவின் வீட்டுக்காரர் லிப்ட் பழுது பார்க்கிறவர். எந்தப் பிரச்சினையும் ஒன்று மேலே போகும், இல்லை கீழே வரும், நடுவில் நின்றால் கம்பியை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

"கையெழுத்துன்னா ஒரு கோடு. போட்டுட்டுப் போயேன்," என்றார், சட்டைப் பொத்தானைத் தைத்துக்கொண்டே.

"போட்டுட்டு? நாளைக்கு அவ அந்தக் கம்பெனி ஆளுன்னு தெரிஞ்சா?"

"நீ சந்தேகப்படுறதுக்கு மாசச் சம்பளம் கொடுத்திருந்தா நாம இந்நேரம் மாடி வீட்டுல இருப்போம். உன் தங்கச்சி சிநேகிதி மடிப்புக்காரி மேல சந்தேகம். லாரிக்காரன் மேல சந்தேகம். இப்போ இந்தப் பொண்ணு. என் மேல எப்போ?"

"உங்க மேல கல்யாணத்தன்னிக்கே ஆரம்பிச்சாச்சு."

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மடிப்புக்காரி மேல் சந்தேகம் வர அவளிடம் காரணம் இருந்தது. தங்கையும் அவளும் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். கேள்விக்காரி பேட்டி எடுத்த அன்று வாசல் பக்கமாக நின்றவள் அவள். பம்பரத்தை முற்றத்துக்கு மாற்றிய மறுநாளே உருளை இஸ்திரியில் அந்த இடம் யாருக்குக் கிடைத்தது? மடிப்புக்காரிக்கு. சாவு வீட்டுக்கு வந்தவள் அக்காவின் கண்ணைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து அக்கா அவளோடு பேசவில்லை.

மறுநாள் காலை கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் அறிக்கையைப் பிரித்தாள். முப்பத்தோராம் பக்கத்தில் தங்கை இருந்தாள். 'பங்கேற்பாளர் 17' என்று மேலே போட்டிருந்தது. கீழே:

"பொண்ணுங்க கூட்டம்னு போனா, அக்கரைக்காரி தள்ளி உட்காருங்கிறாங்க. அக்கரைக்காரங்க கூட்டத்துக்குப் போனா, பொம்பளைக்கு இங்க என்ன வேலைங்கிறாங்க. காது கேக்காதவங்களுக்கு விளக்கு போட்டிருக்கோம்னாங்க. எங்கன்னு கேட்டா, நீ போகக் கூடாத ஷெட்டுலன்னாங்க. படிவத்துல 'முக்கியக் காரணம் ஒன்றுக்கு மட்டும் டிக் அடிக்கவும்'னு போட்டிருக்கே, சூப்பர்வைசர் என்னைத் திட்டும்போது எந்தக் காரணத்தைத் திட்டுறாருன்னு அவரைக் கேட்டுட்டு வரட்டுமா?"

அக்கா புத்தகத்தை மூடிவிட்டாள். இயந்திரத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். சாவு வீட்டில்கூடத் தங்கையின் குரல் இவ்வளவு கிட்டத்தில் இல்லை. கொஞ்சம் கழித்து, வந்தவருக்கு இரண்டு ரேஷன் அட்டைக் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடி பிரித்தாள்.

பெயர் எங்குமே இல்லை. அந்த மட்டில் கேள்விக்காரி சொன்னது நிஜம். ஆனால் ஜெராக்ஸ் கடையில் பதினாறு வருஷம் இருந்தவளுக்குப் பெயரை மறைப்பதன் லட்சணம் தெரியும். "பேரு மட்டும் தெரியாம எடுத்துக் கொடுங்க" என்று வருவார்கள். பெயர் மேல் காகிதத் துண்டு வைத்து எடுத்துக் கொடுப்பாள். தெரு இருக்கும், அப்பா தொழில் இருக்கும், வயசு இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த சந்தோஷத்தோடு வாங்கிக்கொண்டு போவார்கள்.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. தலைப்பு: 'மேற்பார்வையாளரின் நடத்தை குறித்துப் புகார் கூறியவர்கள்'. ஆண், பெண் என்று முதலில் பிரித்திருந்தது. அதை இக்கரை, அக்கரை என்று பிரித்திருந்தது. அதையும் செவித்திறன் உள்ளவர், குறைந்தவர் என்று பிரித்திருந்தது. ஒரு கட்டத்தில் பதினொன்று, இன்னொன்றில் ஏழு. பெண், அக்கரை, செவித்திறன் குறைந்தவர் என்ற மூன்றும் கூடும் கட்டத்தில் ஒரே ஓர் எண்.

ஒன்று.

பக்கத்திலேயே சின்ன எழுத்தில், அந்தப் பிரிவில் ஆலையில் மொத்தம் எத்தனை பேர் என்றும் போட்டிருந்தது. அதுவும் ஒன்று.

*

ஆலை வாசலில் நாலு மணிக்கு முறை மாறும். அக்கா மூன்றரைக்கே போய் நின்றாள். மடிப்புக்காரி வெளியே வந்து, அவளைப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டாள்.

"ஓடாதடி. அடிக்க வரல."

"அடிச்சாலும் பரவால்லக்கா."

சுவரோரமாக நின்று பேசினார்கள். அக்கா நாற்பத்திரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். மடிப்புக்காரி உடனே கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கத்த நான் பார்த்திருக்கேன். சூப்பர்வைசர் மேசையில. விடுப்புச் சீட்டுல கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். இதுல ஒரு இடத்துல பென்சிலால வட்டம் போட்டிருந்தார். போட்டுட்டுக் கண்ணாடி வழியா இஸ்திரிப் பக்கம் பார்த்தார். சிரிச்சார். எனக்கு ஒண்ணும் விளங்கல. வெறும் நம்பர்தானன்னு நினைச்சேன்."

"அது எப்போ?"

"அவளை மாத்தறதுக்கு முந்தின சனிக்கிழமை."

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

மடிப்புக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்னன்னு சொல்லுவேன்? அவளை மாத்தின மறுநாள் அவ இடத்த எனக்குக் கொடுத்தாங்க. வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லலக்கா. அந்த முற்றத்துக்கு என்னை அனுப்பிடுவாங்களோன்னு பயம். அவ இடத்துல நின்னுகிட்டு அவ அக்கா கண்ண எப்படிப் பார்க்கிறது?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. திட்டாமல் அறிக்கையை மூடினாள். "விசாரணையில வந்து இதச் சொல்லுவியா?"

"சொல்றேன்," என்றாள் மடிப்புக்காரி, தரையைப் பார்த்து.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவள் கழுத்து நரம்பு புடைத்ததை அக்கா பார்த்தாள். வீட்டில் நடக்க முடியாத மாமியார், இரண்டு குழந்தைகள். அந்த மேசைக்கு முன்னால் விடுப்புச் சீட்டோடு நின்றவள் இவள் ஒருத்திதான் என்பது சூப்பர்வைசருக்கும் தெரியுமே. சாட்சி சொன்னால் இவளைக் கண்டுபிடிக்கப் பெயர்கூட வேண்டாம்.

"வேணாம் விடு," என்றாள் அக்கா. "இன்னொரு கட்டத்துல இன்னொரு ஒண்ணு வேணாம். இந்த அறிக்கையக் கொடுத்தவளே வந்து சொல்லட்டும்."

*

கேள்விக்காரி வந்தபோது அக்கா கடைக் கதவைப் பாதி இறக்கினாள். அறிக்கையை மேசையில் வைத்து, கட்டத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு?"

"எந்தப் பேரும் நான்..."

"பேரக் கேக்கல. இது யாரு?"

கேள்விக்காரி பார்த்தாள். முதலில் புரியாத முகம். பிறகு பக்கத்திலிருந்த சின்ன எழுத்தைப் படித்தாள். அவள் எழுதியதுதான், ஆனால் முதல் தடவை படிக்கிறவள் போலப் படித்தாள். அப்படியே காகிதக் கட்டு மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பேரை மறைச்சிட்டு ஆளைக் காட்டிட்டியேம்மா." அக்காவின் மரியாதை அந்த இடத்தில் கழன்று விழுந்தது. "இதப் பார்த்துத்தான் அந்தாளு வட்டம் போட்டிருக்கான்."

"அஞ்சுக்குக் கீழ வர்ற எண்ண மறைச்சிடணும்னு ஒரு விதி இருக்கு," என்றாள் கேள்விக்காரி. "நட்சத்திரக் குறி போட்டு மறைப்பாங்க. எனக்கு அது பிடிக்கல. கொஞ்சப் பேருன்னு மறைச்சு மறைச்சுத்தான அவங்கள இல்லாமலே ஆக்கிட்டாங்க. ஒருத்தர்னா ஒருத்தர்னு போடணும்னு நினைச்சேன். அவங்க கண்ணுக்குத் தெரியணும்னு..."

"தெரிஞ்சுட்டா. தெரிய வேண்டாதவன் கண்ணுக்கு."

அவள் அழுதாள். அக்கா தேற்றவில்லை. அந்த அழுகையும் கணக்குப் போட்டு வந்ததோ என்னவோ என்றுதான் தோன்றியது. நன்றாக அழத் தெரிந்தவர்களைப் பதினாறு வருஷமாகக் கடையில் பார்த்திருக்கிறாள்.

"கேளு. கம்பெனி என்ன சொல்லுது? அவ புகார் சொன்னதே தெரியாது, சும்மா வழக்கமா மாத்தினோம், அவளா கவனமில்லாம செத்தாங்குது. தெரியும்னு காட்ட உன்ன விட்டா எனக்கு ஆள் இல்ல. நீ பண்ணினத நீயே எழுது. என்ன தேதியில கொடுத்த, எந்தப் பக்கம், எந்தக் கட்டம், அதுல யாரு. அதப் படிச்சிட்டு நான் கையெழுத்துப் போடுறேன்."

"இத எழுதினா என் வேலை போயிடும்கா. இனிமே எந்த ஆலையிலயும் என்னை உள்ள விடமாட்டாங்க."

"என் தங்கச்சிய உள்ளதான் விட்டாங்க."

கேள்விக்காரி எழுதினாள். முதலில் எழுதியதில் 'அடையாளம் வெளிப்பட நேர்ந்தது' என்றிருந்தது. அக்கா திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவதில் 'ஆய்வு முறையின் வரம்புகளால்' என்றிருந்தது. அதையும் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவதில்தான் 'நான் காட்டிக் கொடுத்துவிட்டேன். தெரியாமல்' என்று வந்தது. அக்கா ஒரு பிரதி எடுத்து அதை அவளிடம் கொடுத்தாள். அசலைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

*

விசாரணை அறையில் மின்விசிறி கிரீச்சிட்டது. விசாரணை அதிகாரி ஜலதோஷம் பிடித்த ஓர் அம்மாள். கைக்குட்டையும் கோப்புமாக உட்கார்ந்திருந்தார். கேள்விக்காரி தன் கடிதத்தைத் தானே வாசித்தாள். பம்பரம் பேசியதையும் வாசித்தாள். வாசித்து முடித்ததும் கம்பெனி வக்கீல் எழுந்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.

"அம்மா, இவங்களே ஒப்புக்கிட்டாங்க. இறந்தவங்களக் காட்டிக் கொடுத்தது யாரு? இந்த ஆய்வாளர். இப்படி ஒரு அட்டவணையக் கையில கொடுத்தா, அந்த ஒண்ணு யாருன்னு எங்க சூப்பர்வைசருக்குத் தெரியாம இருக்குமா? பார்த்த உடனே தெரிஞ்சிடும். இதுக்கு முழுப் பொறுப்பும் இவங்கதான். கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?"

இதற்குத்தான் எழுதினாளா? பழியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு கம்பெனியை வெளியே எடுத்துவிடத்தானா? திரும்பிப் பார்த்தாள். கேள்விக்காரி குனிந்திருந்தாள். வீட்டுக்காரர் அக்காவின் கையைப் பிடித்தார். அக்கா உதறினாள்.

அதிகாரி அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கோப்பில் இரண்டு பக்கம் பின்னால் போனார்.

"வக்கீல் சார், புகார் சொன்னது யாருன்னு நிர்வாகத்துக்குத் தெரியவே தெரியாதுன்னு இங்க எழுதிக் கொடுத்திருக்கீங்களே."

"ஆமாம்மா, அதாவது..."

"பார்த்த உடனே தெரிஞ்சிடும்னு இப்போ சொன்னீங்க. அறிக்கை கையில கிடைச்சு ஒன்பதாம் நாள் மாத்தியிருக்கீங்க. தெரிஞ்சு மாத்தினீங்களா, தெரியாம மாத்தினீங்களா?"

வக்கீல் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் மின்விசிறியைப் பார்த்தார்.

"காது கேக்காதவங்களுக்கு விளக்கு போட்டிருக்கோம்னு கணக்குக் காட்டியிருக்கீங்க. அவங்கள அனுப்பின முற்றத்துல விளக்கு உண்டா?"

"அங்கே... அங்கே தேவைப்படலைம்மா. அங்கே அப்படி யாரும் வேலை செய்யல."

"அவங்க செஞ்சாங்களே," என்றார் அதிகாரி அம்மாள். அதையும் கோப்பில் எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு பதினொரு நாள் கழித்து வந்தது. அலுவலக ஜன்னலில் அக்காதான் வாங்கினாள். நாலு பக்கம். கேள்விக்காரியும் வந்திருந்தாள். பல்கலைக்கழகம் விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் அனுப்பியிருந்தது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "முதல் பக்கத்துலயே இருக்கு பாரு, 'கவனக்குறைவு என்ற பதிவு நீக்கப்படுகிறது'ன்னு. வா, போகலாம்," என்றார்.

அக்கா நகரவில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். 'செவித்திறன் குறைந்தவர் என்று அறிந்தே, எச்சரிக்கை வசதியில்லாத இடத்துக்கு' என்ற இடத்தில் விரல் நின்றது. அங்கே தங்கையின் முழுப் பெயர் இருந்தது, எண் இல்லை. அதை இரண்டு தடவை படித்தாள். மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினாள்.

கேள்விக்காரி தள்ளியே நின்றிருந்தாள். பொறுக்கமாட்டாமல், "எல்லாம் சரியா இருக்காக்கா?" என்று கேட்டாள்.

"இரும்மா," என்றாள் அக்கா, தலையைத் தூக்காமல். "மூணாம் பக்கம்தான் வந்திருக்கேன்."